சுவரில்லாத வாசலின் காவல்காரர்

"ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்காவளே, மேடம்."

தங்கப்பழம் அண்ணாச்சி தகர ஈட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார். மூச்சு வாங்கியது. வியர்வை மீசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எஸ்தர் மேடம் வசனத் தாளில் எதையோ அடித்தார்.

"நானும் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன். நொண்டி நொண்டி நடந்தேன். கண்ண உருட்டினேன். வேட்டிய அவுத்து விட்டேன்."

"பாத்தோம்," என்றார் மேடம்.

"வேட்டி அவுந்ததுக்குக்கூடச் சிரிப்பு வரல."

"பயந்துட்டோம் அண்ணாச்சி," என்றாள் ரஹ்மத்.

அதற்கு எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சிக்கு அதுவும் வலித்தது. ரஹ்மத் ஒரு வார்த்தை சொன்னால் சிரிப்பு வருகிறது. அவர் ஒரு மணி நேரம் உருண்டு புரண்டாலும் வரவில்லை.

அன்று செவ்வாய். சனிக்கிழமை நாடகம். அது நகைச்சுவை நாடகம்.

*

அண்ணாச்சிக்கு நாற்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, எங்கள் பல்கலைக்கழக நாடகத் துறையில் எம்.ஏ. சேர்ந்தவர்.

எஸ்தர் மேடத்துக்கு முப்பத்திரண்டு.

மேடம் உள்ளே வந்தால் நாங்கள் பாதி எழுந்திருப்போம். அண்ணாச்சி முழுசாக எழுந்து நிற்பார். உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். ஒருநாள் மேடம் சொல்ல மறந்துவிட்டார். வகுப்பு முடியும்வரை நின்றார்.

நான் ப்ளஸ் டூ முடித்து நேராக இங்கே வந்தவன். ஐந்து வருஷப் படிப்பு, இது முதல் வருஷம். பெயர் மாசானம்.

எங்கள் ஒத்திகைக் கூடம் பழைய சைக்கிள் ஸ்டாண்ட். மேலே தகரம். நாலு பக்கமும் திறப்பு. ஒரு காலத்தில் சுற்றிக் கம்பிவேலி இருந்ததாம். வேலி போய்விட்டது. முன்பக்கத்து இரும்பு கேட் மட்டும் இரண்டு தூணுக்கு நடுவில் நிற்கிறது. தாழ்ப்பாள்கூட இருக்கிறது.

மற்றத் துறைக்காரர்கள் கேலி செய்வார்கள். "எங்களுக்குச் சுவர் கிடையாது, கேட் உண்டு" என்போம். கெத்தாகவே சொல்வோம்.

அந்தக் கேட்டைப் பார்த்துத்தான் மேடம் நாடகம் எழுதினார்.

ஒரு கோட்டை. அதன் மதில் விழுந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. கல்லையெல்லாம் ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். வாசல் மட்டும் நிற்கிறது. அந்த வாசலுக்கு ஒரு காவல்காரன். சீட்டு இல்லாமல் யாரையும் வாசல் வழியாக விட மாட்டான். ஊரே வாசலைச் சுற்றிக்கொண்டு ஆடும் மாடும் தேங்காய் மூட்டையுமாக உள்ளே போகிறது, வருகிறது. அவன் கண்டுகொள்வதில்லை. அவனுக்கு வாசல்தான் கணக்கு.

கடைசியில் ராஜா வருகிறார். ராஜாவிடமும் சீட்டு இல்லை. ராஜா அதட்டுகிறார். காவல்காரன் குனிந்து விலகி வழி விடுகிறான். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் நாடகம்.

காவல்காரன் அண்ணாச்சி. ராஜா நான். எனக்கு இரண்டே வசனம்.

காவல்காரன் வேஷம் எனக்கு வேண்டும். இதை மறைக்க ஒன்றுமில்லை. எல்லா வசனமும் எனக்கு மனப்பாடம். அண்ணாச்சியைவிட நன்றாகச் செய்வேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

*

"வியாழக்கிழமைவரைக்கும் பாப்போம்," என்றார் மேடம். "சரிப்படலன்னா வேஷத்த மாத்திடலாம். மாசானம் காவல்காரன். நீங்க ராஜா."

"உத்தரவு மேடம்," என்றார் அண்ணாச்சி.

வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். நான் போட்டிருப்பேன்.

மேடம் தள்ளிப் போனதும் ரஹ்மத் கேட்டாள். அவளுக்குத் தேங்காய்க்காரி வேஷம்.

"அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு இந்தக் காமெடி? கட்டபொம்மன் காலத்துத் தளபதி மாதிரி ஏதாவது கேட்டிருந்தா மேடம் கொடுத்திருப்பாங்கல்லா. உங்க மீசைக்கு அதான் பொருத்தம்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஈட்டியின் முனையைத் தடவினார்.

"லீவுல ஊருக்கு வருவேன் தாயி. தெருவுல வரும்போதே எம்பொண்ணு சிரிக்கது கேக்கும். அவ ஆத்தாகூட ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டு இருப்பா. நான் வீட்டு நடைய மிதிப்பேன். சிரிப்பு நின்னு போயிரும்."

"திட்டுவீங்களோ?"

"ஒரு சொல்லு சொன்னதில்ல. டிவி சத்தத்தக் குறைச்சிருவா. எந்திரிச்சு நின்னுருவா. இப்பவும் அப்படித்தான். நான் உள்ள இருக்கும்போது அவ சிரிச்சு நான் கேட்டதே கெடையாது."

ரஹ்மத் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"சனிக்கிழம வாரா. மூணாவது வரிசைல உக்காரச் சொல்லிருக்கேன். ஒரு தடவ சிரிச்சாப் போதும்."

அப்போதும் எனக்கு அந்த வேஷம் வேண்டும் என்றுதான் இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

*

புதன்கிழமை காலை.

"இன்னைக்கு நீங்க நடிக்க வேண்டாம் சார்," என்றார் மேடம். "கேட்டுல நில்லுங்க. சீட்டு இல்லாம யாரும் கேட் வழியா வரக் கூடாது."

"நாடகத்துலயா மேடம்?"

"இந்தக் கேட்டுல."

அண்ணாச்சி நாலு பக்கமும் பார்த்தார். வெறும் தூண்கள். தூண்களுக்கு நடுவே வெயில்.

"சுத்தியும் தெறந்துல்லா கெடக்கு."

"நான் கேட்டத்தான் சொன்னேன்."

"சீட்டு யாரு கொடுப்பா மேடம்?"

"யாரும் கொடுக்கறதில்ல."

"எத்தன மணிவரைக்கும்?"

"நான் சொல்றவரைக்கும்."

"உத்தரவு மேடம்."

சட்டையை உள்ளே விட்டார். கேட்டின் முன்னால் போய் நின்றார். சாவ்தான் என்பார் அவர். குதிகால் இரண்டும் ஒட்டி, முதுகு நிமிர்ந்து, கண் நேரே பார்த்து நிற்பது. அதற்குப் பிறகு அவர் அசையவில்லை.

நாங்கள் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தோம். அவர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

ஒரு நாய் கேட்டுக்கு அடியில் நுழையப் பார்த்தது. அண்ணாச்சி காலால் மறித்தார். குனியாமல், கையை நீட்டிப் பக்கத்து வழியைக் காட்டினார். நாய் சுற்றிக்கொண்டு வந்தது.

ரஹ்மத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு இயற்பியல் துறைத் தலைவர் வந்தார். அவர் தினமும் கேண்டீனுக்கு எங்கள் கூடத்தின் வழியாகத்தான் போவார். நாங்கள் செத்து விழும் காட்சியில் இருந்தாலும் தாண்டிக்கொண்டு போவார். ஆனால் ஒரு ஒழுங்கு. கேட்டைத் திறந்து, உள்ளே வந்து, கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போவார். பக்கவாட்டில் நுழைந்து யாரும் பார்த்ததில்லை.

"சார், சீட்டு?" என்றார் அண்ணாச்சி.

"என்ன சீட்டு?"

"கேட் வழியாப் போகச் சீட்டு, சார்."

"யாருய்யா நீ?"

"காவல், சார்."

"நான் இயற்பியல் துறைத் தலைவர்."

"சரி சார். சீட்டு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி அப்படியேதான் நின்றார்.

"இப்படிச் சுத்திப் போனா என்ன செய்வே?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன் சார். தாராளமாப் போலாம்."

"அப்ப இந்தக் கேட் எதுக்கு?"

"சீட்டு உள்ளவங்களுக்கு, சார்."

"சீட்டு யாரு தருவா?"

"யாரும் தாரதில்ல, சார்."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். சுற்றிப் போக நாலடி. அவர் திரும்பித் துறைக்கு நடந்தார். வெயிலில் போய், வெயிலில் வந்தார். கையில் துறை முத்திரை குத்திய தாள்.

அண்ணாச்சி வாங்கினார். எழுத்துக் கூட்டுவது மாதிரி நிதானமாகப் படித்தார். "இக்கடிதத்தைக் கொண்டு வருபவரை வாயில் வழியே அனுமதிக்கவும்." கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துல்லா, சார்?"

"ஆமா."

"உங்களுக்கு நீங்களே கொடுக்கப்படாது, சார்."

தாளை நாலாக மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அவ்வளவுதான். நாங்கள் பதினோரு பேரும் தரையில் கிடந்தோம். எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. ரஹ்மத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெளியே நின்ற தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். துறைத் தலைவரே கொஞ்சம் சிரித்தார். ஆனாலும் சுற்றிப் போகவில்லை. கேண்டீனே வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. கழுத்து சிவந்திருந்தது.

*

"நான் நடிக்கல மேடம்."

"தெரியும் சார்."

"நெசமாத்தான் நின்னேன்."

"தெரியும்."

"இப்படித்தான் பனிமலைல நின்னேன். மைனஸ் இருபது. பக்கத்துப் போஸ்ட்ல நின்னவன் காலையில எறங்கி வரல. தூக்கிட்டு வந்தோம். நிமிந்து நின்னபடியே இருந்தான்."

அண்ணாச்சி கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த நெலையத்தான் இன்னைக்கு நின்னேன். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். அதப் பாத்துச் சிரிக்காவ."

"ஏன் சிரிக்கலன்னு நேத்து கேட்டீங்க," என்றார் மேடம்.

"இதுக்கா கேட்டேன்?"

மேடம் பேனாவை மூடினார்.

"கோமாளி வேஷத்துக்குச் சிரிச்சாச் சிரிக்கட்டும். அது கோமாளி. இது நான்."

திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. அங்கேயே நின்றார்.

"போகலாம்னு சொல்லுங்க, மேடம்."

"போகலாம், சார்."

அதன் பிறகுதான் போனார். கோபத்திலும் அவருக்கு உத்தரவு வேண்டியிருந்தது.

*

வியாழக்கிழமை அவர் வரவில்லை. ஈட்டியை மேடம் என்னிடம் கொடுத்தார்.

நான் பின்னி எடுத்தேன்.

பொய் இல்லை. ஈட்டியால் முதுகைச் சொறிந்தேன். ஈட்டியில் சாய்ந்து தூங்கி விழுந்தேன். ரஹ்மத்தின் தேங்காயில் ஒன்றைச் சுட்டேன். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. முதுகலை படிக்கிற அண்ணன்கள் எல்லாம் விசில் அடித்தார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

முடிந்ததும் மேடத்தின் முன்னால் போய் நின்றேன். கொஞ்சம் அண்ணாச்சி மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"நல்லாச் சிரிச்சாங்க," என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"நீ என்ன வேஷம்?"

"காவல்காரன், மேடம்."

மேடம் பேனாவால் என் பின்பக்கம் காட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். கேட் திறந்து கிடந்தது. நாய் உள்ளே வந்து படுத்திருந்தது. யார் திறந்தார்கள், எப்போது, எனக்குத் தெரியாது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கையில் வசனத் தாள். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்றும் தெரியாது.

"ஏ தம்பி," என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஈட்டி தோள்ல சாயப்படாது."

"இது காமெடி அண்ணாச்சி."

"எதுவானாலும் சாயப்படாது."

தாளை ரஹ்மத்திடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். சுற்றிக்கொண்டுதான் வந்தார். என் குதிகாலைத் தன் செருப்பால் தட்டினார்.

"சேத்து வை. வயித்த உள்ள இழு. கண்ணு எங்க போகுது? பொம்பளப் புள்ளைக இருக்க பக்கம் போகுது. நேரே பாரு."

"நேரே பாத்தா நாய் பின்னால வர்றது எப்படித் தெரியும்?"

"பின்னால பாக்கப்படாது. ஆனா பின்னால என்ன நடக்குன்னு தெரியணும்."

"அது எப்படி?"

"எப்படின்னா?" அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "குடு இங்க."

ஈட்டியைப் பிடுங்கினார். கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நாயை எழுப்பிச் சுற்றி அனுப்பினார். கேட்டின் முன்னால் போய் நின்றார்.

"பாத்துக்க. இப்படி."

நின்றார். தகர ஈட்டி இரும்பு ஈட்டி மாதிரி ஆகிவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே அந்தப் பக்கம் ஒரு கோட்டை இருக்கிற மாதிரி இருந்தது.

ரஹ்மத் சும்மா இருப்பவளா? கூடையைத் தலையில் வைத்தாள். கேட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து நின்று, தன் வசனத்தைச் சொன்னாள்.

"ஏய்யா காவக்காரரே, நான் உள்ள வந்துட்டேன். என்ன செய்வீரு?"

அண்ணாச்சி திரும்பவில்லை. நேரே பார்த்தபடியே சொன்னார்.

"நீ இன்னும் உள்ள வரல."

"அப்ப இது என்ன எடம்?"

"இதுவும் வெளியதான்."

"எங்க வீடு இங்கதான்யா இருக்கு. பத்து வருஷமா இங்கதான் சோறு பொங்குதேன்."

"பத்து வருஷமா வெளிய இருக்க."

கூடம் அதிர்ந்தது. அதே வசனத்தை நான் பத்து நிமிஷத்துக்கு முன்னால் கண்ணை உருட்டிச் சொன்னேன். அப்போதும் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. என் சிரிப்பு உடனே நின்றது. இது நிற்கவில்லை. தணிகிற மாதிரி இருக்கும், அவர் முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி கிளம்பும்.

இந்த முறை அவர் கழுத்து சிவக்கவில்லை. ஈட்டியைக் கீழே வைக்கவும் இல்லை. அந்தக் காட்சி முழுக்க முடித்தார்.

எனக்கு அழுகை வந்தது. வேஷம் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. கூடவே பெருமையாகவும் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் துறையில் இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று இயற்பியல்காரர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

*

சிரிப்பு ஓய்ந்ததும் அண்ணாச்சி கேட்டார். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"சனிக்கிழமயும் இப்படித்தான் சிரிப்பாவளா?"

"இதவிட அதிகமா."

"காவலப் பாத்துச் சிரிச்சா, அந்தக் காவலுக்கு என்ன மரியாத மேடம்?"

மேடம் எழுந்தார். வசனத் தாளில் ஒரு ஓரத்தைக் கிழித்தார். தூண்களுக்கு நடுவே வெளியே போய், சுற்றி, கேட்டின் முன்னால் வந்து நின்றார்.

"சீட்டு?" என்றார் அண்ணாச்சி. அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"இல்ல. அதான் வாங்க வந்தேன்."

"யாரும் கொடுக்கறதில்லன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"அது நேத்து. நேத்துக் காவலுக்கு ஆள் புதுசு. இனிமே சீட்டக் காவலே கொடுக்கலாம்."

கிழித்த தாளையும் பேனாவையும் நீட்டினார்.

அண்ணாச்சி தாளைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். ஈட்டியை இடது கைக்கு மாற்றினார். கேட்டின் மேல் தாளை வைத்து எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். மேடத்திடம் கொடுத்தார்.

மேடம் வாங்கிக்கொண்டு, அதையே திரும்ப நீட்டினார்.

அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். தான் இப்போதுதான் எழுதியது. இருந்தாலும் வரி விடாமல் படித்தார். தேதியைச் சரிபார்த்தார். தாழ்ப்பாளை எடுத்தார். கேட்டை அகலத் திறந்து, ஒதுங்கி, சல்யூட் அடித்தார்.

மேடம் கேட் வழியாக உள்ளே வந்தார்.

எங்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி கேட்டைச் சாத்தினார். வேறு எதுவும் கேட்கவில்லை.

*

சனிக்கிழமை, மூன்று மணி. பெரிய அரங்கு. எங்கள் துறைக்கு அந்த அரங்கைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அறுநூறு நாற்காலி. எல்லாவற்றிலும் ஆள். இயற்பியல் துறைத் தலைவரும் வந்திருந்தார். முன்பக்கத்து வாசல் வழியாகத்தான்.

மேடை முழுக்க வெறுமை. நடுவில் எங்கள் கேட். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, இரண்டு மரத்தூணில் மாட்டியிருந்தோம்.

மேடம் பக்கத் திரைக்குப் பின்னால் அண்ணாச்சியை நிறுத்திச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க சார். ராஜா 'வழி விடு'ன்னு சொன்னதும் குனிஞ்சு விலகிடுங்க. நீங்க விலகினாத்தான் விளக்க அணைப்பாங்க. விளக்குப் பையனுக்கு அதான் அடையாளம்."

"உத்தரவு மேடம்."

"விலகுறதுக்கு நேரம் எடுக்க வேண்டாம். உடனே."

"உடனே, மேடம்."

போனார். நின்றார். திரை விலகியது.

முதல் சிரிப்பு வர ஒரு நிமிஷம் ஆனது. வெறும் மேடையில் ஒரு கேட், அதற்கு ஒருத்தர் இவ்வளவு கம்பீரமாகக் காவல் நிற்கிறார் என்று சபைக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆனது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஆட்டுக்காரன் சுற்றிக்கொண்டு போனான், சிரித்தார்கள். கல்யாண ஊர்வலம் சுற்றிக்கொண்டு போனது, சிரித்தார்கள். "பத்து வருஷமா வெளிய இருக்க" என்றபோது ரஹ்மத் அடுத்த வசனத்துக்கு முன்னால் கூடையை இறக்கி வைத்துக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

நான் ராஜா உடையில் திரைக்குப் பின்னால் நின்று மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

இரட்டைச் சடை போட்ட பெண். முதலில் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அப்படியே அப்பா. பிறகு உதட்டைக் கடித்தாள். பிறகு வாயைப் பொத்தினாள். பிறகு பக்கத்தில் இருந்த அம்மாவின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். சத்தமான சிரிப்பு. அறுநூறு பேரில் அது தனியாகக் கேட்டது.

அண்ணாச்சி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காவலில் இருப்பவர் பார்க்க மாட்டார். ஆனால் அடுத்த வசனத்தை ஒரு மூச்சு தாமதமாகத்தான் எடுத்தார். அந்தச் சிரிப்பு முழுசாக முடியட்டும் என்று நின்ற மாதிரி இருந்தது.

என் முறை வந்தது.

பறை அடித்தார்கள். நான் நடந்து போய்க் கேட்டின் முன்னால் நின்றேன். கிரீடம், வாள், ஒட்டுமீசை. அண்ணாச்சி என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"நான் இந்த நாட்டு ராஜா," என்றேன். "வழி விடு."

அண்ணாச்சி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"சீட்டு?" என்றார்.

அது வசனத்தில் இல்லை.

சபை வெடித்தது. நான் விழித்தேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் முதல் வசனத்தையே மறுபடி சொன்னேன்.

"நான் ராஜா."

"தெரியும் மகாராஜா. சீட்டு?"

"கோட்டை என்னுடையது!"

"ஆமா மகாராஜா. காவல் என்னோடது."

சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கால்மணி நேரம் ஒட்டிய மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்: "அண்ணாச்சி, விலகுங்க. விளக்கு அணையணும்."

அவர் கண் அசையவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இவர் மறக்கவில்லை. வசனம் தெரியும். உத்தரவும் தெரியும்.

சுற்றிப் போக நாலடி. ஆனால் நான் ராஜா. ராஜா எப்படிச் சுற்றிப் போவது?

வாளை உருவினேன். அதுவும் வசனத்தில் இல்லை. அவர் ஈட்டியைக் குறுக்கே வைத்தார். சத்தம் போடாமல், கோபம் இல்லாமல், வேலை பார்க்கிற மாதிரி வைத்தார்.

சபையில் சிரிப்பு நின்றது. யாரும் சொல்லி நிற்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தர். மூன்றாவது வரிசையில் இரட்டைச் சடை எழுந்து நின்றது. இந்தத் தடவை பயந்து எழுந்த மாதிரி இல்லை.

விளக்குப் பையன் விசையில் கை வைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தான்.

"தங்கப்பழம் சார்," பக்கத் திரையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "விலகுங்க."

இருபத்திரண்டு வருஷம் ஒரு உத்தரவை மீறாதவர்.

"விலகுங்க, சார்."

அவர் விலகவில்லை.